ஆச்சியின் இரண்டாவது அடுப்பு

உடன்குடி
ஞாயிற்றுக்கிழமை ராத்திரி

அன்புள்ள செல்விக்கு,

நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? சின்னவனுக்கு இருமல் விட்டதா? இங்கே எல்லோரும் சுகம். எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் வழக்கமான முதுகுவலி. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆச்சி போன அன்று உனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டேன். நீ உடனே கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. பதினாறாம் நாள் கழிந்து மறுபடி கூப்பிட்டாய், அப்போதும் எடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. போனில் நீ "எப்படிட்டி, கஷ்டப்பட்டாங்களா?" என்று கேட்பாய். நான் "இல்ல, தூக்கத்துலயே போயிட்டா" என்பேன். ரெண்டு பேரும் அழுவோம், பிறகு பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசுவோம். ஆச்சியை அப்படி ஐந்து நிமிஷத்தில் முடிக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் பேப்பரை எடுத்தேன். எட்டாம் வகுப்பு லீவில் நீ வள்ளியூர் மாமா வீட்டுக்குப் போனபோது எழுதியது, அப்புறம் இப்போதுதான் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். பெரிய டீச்சர் மாதிரி சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடாதே.

குலசேகரப்பட்டினத்தில், நம்ம குலசையில், தசராவுக்குக் கொடியேறி நாலாம் நாள். தெருவில் காளி, குரங்கு, போலீஸ் என்று வேஷக்காரர்கள் காணிக்கைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் வரை ஆச்சி திண்ணையில் சில்லறைச் சம்படத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். காலையில் காப்பி கொண்டுபோன அம்மா வெளியே வந்து ஒன்றும் பேசாமல் நின்றாள். அவ்வளவுதான். ஆச்சிக்கு எண்பத்தி நாலு இருக்கும், சரியாகத் தெரியாது. தனுஷ்கோடியில் புயல் அடித்த வருஷம் அம்மா கைப்பிள்ளை என்பாள், அதை வைத்துத்தான் நாங்கள் கணக்குப் போடுவோம்.

நான் சொல்ல வந்தது வேறு. துக்கம் கேட்கத் துட்டி வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "மகராசி, கணக்குப் பாக்காமக் குடுத்தவ." பால் ஊற்றப் போன இடத்தில் சொன்னார்கள், பதினாறாம் நாள் பந்தியில் சொன்னார்கள். ஆச்சிக்கு முன்பணம் கொடுத்து வருஷக்கணக்காக அடிமாட்டு விலைக்குக் கருப்பட்டி எடுத்தாரே ஒரு வியாபாரி, அவர் மகன்கூட மாலையைப் போட்டுவிட்டு அதையே சொன்னார். எனக்கு மட்டும் அது ஒட்டவே இல்லை. ஆச்சி கணக்குப் பார்க்காமலா கொடுத்தாள்? அவளை மாதிரி கணக்குப் பார்த்துக் கொடுத்தவள் இந்தச் செம்மண் தேரிக்காட்டிலேயே கிடையாது. அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் செல்வி. வீட்டில் சொன்னால் ஆச்சி மகனை, எங்க மாமாவைக் குத்திக் காட்டுகிறேன் என்பார்கள்.

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவு ஞாபகம் இருக்கிறதா? கருப்பட்டி காய்ச்சுகிற குடிசையில், அந்த விடிலியில், எங்களோடு நீ பத்து நாள் இருந்தாய். கால் வைக்க முடியாமல் சுடும் செம்மண். கொல்லாம்பழம் தின்று உன் மஞ்சள் கவுனெல்லாம் கறை, உன் அம்மா என்னைத்தான் திட்டினார்கள். ஊர் விளையாட்டு எல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆச்சி என்ன செய்தாள் என்பது இருக்குமா? எனக்கே இப்போது உட்கார்ந்து யோசித்தபோதுதான் வரிசையாக வந்தது.

தாத்தா மரத்திலிருந்து விழுந்தது அதற்கு வெகு காலம் முன்பு, அம்மாவுக்குப் பன்னிரண்டு வயசாக இருந்தபோது. இடுப்பு முறிந்தது, அப்புறம் நடந்தாரே தவிர ஏறவில்லை. நமக்குத் தெரிந்த தாத்தா கட்டிலில் உட்கார்ந்து நார் உரிக்கிற தாத்தாதான். மரம் ஏறினது பரமன்குறிச்சி பெரியப்பா, பாதிக்குப் பாதி. ஒரு நாள் பதனி அவருக்கு, ஒரு நாள் நமக்கு. அவர் விடியுமுன்னே கலயத்தை இறக்க ஆரம்பித்துவிடுவார். ஆச்சி அதற்கு முன்பே எழுந்து அடுப்பைக் கூட்டியிருப்பாள். பதனியை வடிகட்டிச் சட்டியில் ஊற்றிவிட்டால் மூணு நாலு மணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. பொங்கும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு அடக்க வேண்டும். பாகு கெட்டியாகிக் கூப்பனி ஆனதும் தீயைக் குறைக்க வேண்டும், துடுப்பை நிறுத்தாமல் போட வேண்டும். கொஞ்சம் அசந்தால் அடிப்பிடித்துக் கசந்துபோகும். கொஞ்சம் முந்தினால் சிரட்டையில் ஊற்றினது இறுகாமல் ஒழுகும். ஏழெட்டு லிட்டர் பதனி காய்ச்சினால் ஒரு கிலோ தேறும். அதற்கு எத்தனை சுமை சுள்ளி வேண்டும் என்று யோசித்துப் பார். உடைமர முள், சில்லாட்டை, காய்ந்த மட்டை என்று மத்தியானம் பொறுக்கப் போவாள். நாம் இரண்டு பேரும் பின்னாலேயே போய் ஆளுக்கு நாலு குச்சி எடுத்து வருவோம், பெரிய வேலை செய்த மாதிரி.

இப்போது சொல், விடிலியில் எத்தனை அடுப்பு இருந்தது?

இரண்டு. வாசலுக்கு நேராகப் பெரிய அடுப்பு. பின்னால், உடைமரத்து நிழலில் சின்னது ஒன்று. பெரிய அடுப்பில் காய்ச்சினது அத்தனையும் வியாபாரிக்குப் போகும். மழைக்காலத்தில், தொழில் இல்லாத மாசங்களில் வாங்கித் தின்ற முன்பணத்துக்கு அது ஈடு. அதிலிருந்து ஒரு சிரட்டை எடுத்து நம் கையில் தர மாட்டாள். நாம் எவ்வளவு கெஞ்சியிருக்கிறோம்! "அது நம்மது இல்லட்டி" என்பாள்.

சின்ன அடுப்பு ஐந்து மரத்துப் பதனிக்கு. அவள் அப்பா சீதனமாகக் கொடுத்த ஐந்து மரம். எங்க பனந்தோப்பின், அந்த விளையின் மேற்கு ஓரத்தில் நிற்கின்றன. அவற்றுக்குப் பெயர்கூட உண்டு. வளைந்து நிற்பது கூனி, உயரமானது மூத்தவ, வேலியோரம் நிற்பது வாசக்காரி. மற்ற இரண்டுக்கும் சேர்த்து ரெட்டச்சிகள். அந்தப் பதனியைப் பெரிய சட்டியில் கலக்கவே மாட்டாள். பெரிய அடுப்பு வேலை முடிந்து, எல்லோருக்கும் கஞ்சி ஊற்றி, பாத்திரம் தேய்த்த பிறகுதான் அதைப் பற்றவைப்பாள். சுள்ளியும் தனியாகப் பொறுக்கினதுதான். ஒரு பருவத்துக்கு அறுபது எழுபது கிலோ வரும். அதில் ஒரு வட்டு விற்றதில்லை. ஊர் "கணக்குப் பாக்காமக் குடுத்தா" என்று சொல்வது அந்த அறுபது எழுபது கிலோவைத்தான்.

அதற்கு அவள் வைத்திருந்த கணக்கைக் கேள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு இரண்டு கிலோ, மருந்து கிண்ட. பெரிய மனுஷியான பிள்ளைக்கு உளுந்தங்களிக்கு ஒன்றரை. துட்டி வீட்டுக்கு, வருகிறவர்களுக்குக் காப்பி போட, ஒரு கிலோ. கல்யாண வீட்டுக்குக் கிடையவே கிடையாது. "சந்தோசம் இருக்கிறவன் கடையில வாங்குவான்" என்று அடித்துச் சொல்லிவிடுவாள். நீ பெரிய மனுஷியானபோது உன் வீட்டுக்கு வந்தது ரெட்டச்சி மரத்துக் கருப்பட்டி. களியைத் தின்ன மாட்டேன் என்று நீ அழுது, உன் அத்தை மூக்கைப் பிடித்து ஊட்டி, நான் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்து, நீ என்னோடு நாலு நாள் பேசாமல் இருந்தாய். அந்தக் களியில் நல்லெண்ணெய் ஊற்றினது உன் அத்தை. இனிப்பு எங்க ஆச்சியுடையது.

எழுதப் படிக்கத் தெரியாதவள் இதையெல்லாம் எப்படி நினைவு வைத்தாள் தெரியுமா? கதவுக்குப் பின்னால் ஒரு பனைநார் தொங்கும். வருஷத்துக்கு ஒரு நார். யாருக்குக் கொடுத்தாலும் அதில் ஒரு முடிச்சு. பெரிய முடிச்சு பிறப்பு, சின்னது சாவு, இரட்டை முடிச்சு பெரிய மனுஷியானது. எவ்வளவு மிச்சம் என்று நாரைத் தடவிப் பார்த்தே சொல்லுவாள். போகிக்கு அம்மா அதைப் பழைய பாயோடு சேர்த்துக் கொளுத்திவிடுவாள். ஆச்சி ஒன்றும் சொல்ல மாட்டாள். தை பிறந்ததும் புது நார் தொங்கும்.

இவளைத்தான் நான் ஏமாளி என்று நினைத்தேன் செல்வி. நினைத்தது மட்டும் இல்லை, முகத்துக்கு நேரே சொன்னேன். 2023 டிசம்பர் வெள்ளம் உனக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணிக் கரை முழுக்கத் தண்ணீர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவழியில் நின்று, பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து பயணிகளுக்குச் சமைத்துப் போட்டார்களே, அந்த நாட்கள். ஏரல் பக்கத்துச் சொந்தமெல்லாம் எங்கள் வீட்டில் இருந்தது. ஆச்சி பரணில் இருந்த ஓலைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னாள். புகை படிந்து கறுத்த நல்ல கருப்பட்டி. ஒரு பெண் காலையில் வாங்கிக்கொண்டு போய்விட்டு, மத்தியானம் முந்தானையை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி வந்து நின்றாள். ஆச்சி மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் போன பிறகு, "ஏன் ஆச்சி இப்படி ஏமாறுத? கண்ணு தெரியலையா?" என்று கத்திவிட்டேன்.

ஆச்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டாவது வாட்டி வந்தது எனக்குத் தெரியாதாட்டி? முத வாட்டி அவளுக்கு. ரெண்டாவது அவ மாமியாளுக்கு. மாமியாளுக்குன்னு கேட்டா நான் குடுக்க மாட்டேன்னு அவளுக்குத் தெரியும்லா." அந்த மாமியாருக்கும் ஆச்சிக்கும் வேலித் தகராறில் முப்பது வருஷமாகப் பேச்சில்லை. கொடுத்தது கொடுத்ததாகவும் இருக்கட்டும், பேசாதது பேசாததாகவும் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறாள். சொல்லிவிட்டு நாரை எடுத்து இரண்டு முடிச்சுப் போட்டாள். அந்த இரண்டு முடிச்சு எந்த வகை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சீனி விஷயத்திலும் அப்படித்தான். கூப்பனியில் சீனியைக் கொட்டிக் கிண்டினால் எடை கூடும். சீனி கிலோ நாற்பது சொச்சம், கருப்பட்டி 300-க்கு மேல், கணக்கு யாருக்கும் புரியும். அக்கம்பக்கத்தில் கலந்தார்கள், விலை குறைத்து விற்றார்கள், ஆச்சியின் கருப்பட்டி தேங்கியது. மாமா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். "பிள்ள பெத்தவ திங்கிறது. அவ குடிக்கிற மருந்துல போய்ச் சீனியப் போடச் சொல்லுதியா?" அதற்கு மேல் பேச்சு கிடையாது. 2023-ல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பேப்பரில் படித்துக் காட்டினேன். எவ்வளவு பெருமையாகப் படித்தேன் தெரியுமா! கடைசி வரை கேட்டுவிட்டு, "அதனால மரம் ஏற ஆள் வருமா?" என்றாள்.

அந்தக் கேள்விதான் இப்போது என் தலையில் உட்கார்ந்திருக்கிறது. பரமன்குறிச்சி பெரியப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு வருகிறவர் பாதிப் பருவம் ஏறுவார், பாதிப் பருவம் கேரளாவில் கட்டட வேலைக்குப் போய்விடுவார். ஆச்சியால் துடுப்பைத் தூக்க முடியாமல் போனதும் பின்வீட்டுச் சித்தி காய்ச்சினாள். ஆச்சி கட்டிலில் படுத்தபடியே, "இப்ப இறக்கு" என்பாள். எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள், வாசனைதான். சித்தி ஒருநாள் சோதிப்பதற்காகத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். உருண்டு திரண்டு நின்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கஷ்டமானது. நம் வீட்டில் மரம் ஏற ஆள் இல்லாமல் செய்ததும் ஆச்சிதான். தாத்தா விழுந்த அன்று மரம் ஏறக் காலில் மாட்டுகிற தளைநாரையும் பாளை அரிவாளையும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினவள், மாமாவை அந்தப் பக்கம் விடவே இல்லை. மாமா பதினாலு வயசில் ஆசையாக ஒரு மரத்தில் பாதி வரை ஏறினாராம். கீழே நின்று வைதது கடற்கரை வரை கேட்டது என்று அம்மா சொல்லுவாள். வியாபாரியிடம் கூடுதல் முன்பணம் வாங்கி மாமாவை ஐடிஐ படிக்கவைத்தாள், அம்மாவைப் பத்தாவது வரை. அந்தக் கடனுக்காகத்தான் பெரிய அடுப்பு அத்தனை வருஷம் எரிந்தது. பிள்ளைகள் மரத்துக்கு வரக்கூடாது என்று உழைத்தாள், அப்படியே ஆயிற்று. நான் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், அவள் ஆசைப்பட்டது இதைத்தான். ஆனால் ஐந்து மரத்தை மட்டும் கடைசி வரை விடவில்லை. இதை நான் எப்படிப் புரிந்துகொள்வது?

மாமா விளையைக் கொடுக்கப் போகிறார். குலசையில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டினார்களே, அதற்கு அப்புறம் இந்தப் பக்கம் நிலம் கேட்டு வருகிறவர்களுக்குக் கணக்கில்லை. பதினாறு கழிந்த மூன்றாம் நாளே புரோக்கர் சங்கிலி பிடித்து அளந்துகொண்டு நின்றான். மாமா மேல் எனக்குக் கோபம் இல்லை செல்வி. இரண்டு பெண்பிள்ளைகள், வீட்டுக் கடன், ஏற ஆளில்லாத மரங்கள். வருஷத்துக்கு நுங்கு விற்றால் ஆயிரம் இரண்டாயிரம் வரும், வேறு ஒன்றும் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் கொடுத்திருப்பேனோ என்னவோ. ஆனால் அந்த ஆள் மரங்களையும் எண்ணிக்கொண்டு போனான். செங்கல் சூளைக்குத்தான், வேறு எதற்கு எண்ணுவான்? பனை நம் மாநில மரம், கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று 2021-ல் அரசு சொன்னது. ராத்திரியோடு ராத்திரியாக வெட்டி லாரியில் ஏற்றினால் அனுமதியை யார் கேட்கப் போகிறார்கள்? கொட்டை ஊன்றினவன் பதனி குடிக்கப் பதினைந்து இருபது வருஷம் ஆகும். சாய்க்க அரை மணி நேரம்.

மேற்கு ஓரத்து ஐந்து மரத்தையும் அதைச் சுற்றி எட்டு சென்டையும் எனக்குத் தாருங்கள், ஊர் விலையே தருகிறேன் என்று மாமாவிடம் கேட்டேன். அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டே, "அஞ்சு மரத்த வச்சு என்னம்மா செய்வ? யாரு ஏறுவா?" என்றார். ஆச்சி கேட்ட அதே கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. ஓரத்தை வெட்டிக் கொடுத்தால் பாதை போய்விடும், மொத்தத்துக்கும் விலை குறையும் என்று புரோக்கர் சொல்கிறானாம். நீ ஒரு வார்த்தை மாமாவிடம் பேசிப் பார்க்கிறாயா? சைக்கிள் விஷயத்திலிருந்தே உன் பேச்சுக்கு அவர் மறுப்புச் சொன்னதில்லை. நான் பேசினால் பங்கு கேட்கிற மாதிரி ஆகிவிடுகிறது. அம்மா வாயைத் திறக்க மாட்டாள். பத்து நாளைக்குள் பேச வேண்டும், கார்த்திகையில் அட்வான்ஸ் வாங்கப் போவதாகப் பேச்சு.

அப்புறம், சைக்கிள் கடை அண்ணாச்சி மகன் வருகிற வியாழக்கிழமை மும்பைக்கு வருகிறான். அவனிடம் ஓலைக்கொட்டானில் கருப்பட்டி கொடுத்துவிடுகிறேன். மூன்று கிலோ இருக்கும். போன பருவம் காய்ச்சினது, ஐந்து மரத்துப் பதனிதான், ஆச்சி வாசனை பார்த்து இறக்கச் சொன்னது. பிரிட்ஜில் வைக்காதே, கசிந்துபோகும். உங்கள் ஊர் ஈரத்துக்கு டப்பாவில் அடைத்தாலும் நீர் விடும். அடுப்புக்கு மேலே, சூடும் புகையும் படுகிற இடமாகக் கொட்டானோடு தொங்கவிடு. சின்னவனுக்கு இருமலுக்குச் சுக்குத் தட்டிப் போட்டுக் காப்பி வை. நிறைய போடாதே, இனி இது வராது.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். இந்த வருஷத்து நாரை நான் எடுத்து வைத்திருக்கிறேன், போகிக்குக் கொடுக்கப் போவதில்லை. பதினொரு முடிச்சு இருக்கிறது. அம்மாவும் நானும் சித்தியும் உட்கார்ந்து ஒன்பது முடிச்சுக்கு ஆள் சொல்லிவிட்டோம். இரண்டு தெரியவில்லை, இரண்டுமே பெரிய முடிச்சு. ஆனி மாசம் உன் தம்பி பெண்டாட்டிக்குப் பிள்ளை பிறந்ததே, அப்போது ஆச்சி யார் கையிலாவது கொடுத்து அனுப்பினாளா? உன் அம்மாவிடம் கேட்டு எழுது.

உன்,
கருப்பட்டி